வந்து பார்த்தவர்கள் ஏன் மறுபடி வரவில்லை?

கேள்வி: எங்கள் ஃபிளாட்டை விற்க ஐந்து மாதமாக முயற்சி செய்கிறோம். இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி, கார் நிறுத்த இடம் உண்டு, கட்டடத்துக்கு 17 வயது. இணையத்தில் விளம்பரம் போட்ட முதல் மாதம் 14 பேர் வந்து பார்த்தார்கள். போன மாதம் இரண்டே பேர். ஒருவர்கூட இரண்டாம் முறை வரவில்லை, விலை பேசவும் இல்லை. வாங்கிய பிறகு நிறைய செலவு செய்து சமையலறையைப் புதிதாக மாற்றினோம். வாங்கிய விலை, சமையலறைச் செலவு, கட்டிய வட்டி எல்லாவற்றையும் கூட்டித்தான் விலை வைத்திருக்கிறோம். பக்கத்து பிளாக்கில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் அடித்த கறை இருக்கிறது. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் திரும்ப வந்துவிட்டது, இப்போது பீரோவை நகர்த்தி அந்த இடத்தில் வைத்திருக்கிறோம். ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டால் பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும் என்கிறார் கணவர். விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்கிறார் தரகர். எதைச் செய்வது? யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் என்ன பதில் சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் ஆள் வந்து அளவெடுத்துவிடக் கூடாது. கூரையின் உயரத்தைக் குறைக்கிற எதுவும் ஹாலைச் சின்னதாகக் காட்டும். ஏற்கெனவே ஓதம் இருக்கும் வீட்டில் கூரையை மூடினால், மேலே எதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் சேர்ந்து வரும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது அந்த எண்கள்தான். ஒரு வீடு விற்காமல் நிற்கும்போது, ஆட்கள் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறார்கள் என்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். விளம்பரத்தைப் பார்க்கிறார்கள், ஆனால் யாரும் போன் செய்வதில்லை என்றால் கோளாறு படத்திலோ விலையிலோ இருக்கிறது. நேரில் வருகிறார்கள், ஆனால் மறுபடி வருவதில்லை என்றால், படத்தையும் விலையையும் வைத்து அவர்கள் எதிர்பார்த்து வந்தது வீட்டுக்குள் இல்லை. இரண்டு மூன்று முறை வருகிறார்கள், குடும்பத்தையும் கூட்டிவருகிறார்கள், ஆனாலும் கைகூடவில்லை என்றால் விலை, பத்திரம், கடன் இந்த மூன்றில் ஒன்று தடுக்கிறது. நீங்கள் இரண்டாவது இடத்தில் நிற்கிறீர்கள். 14 பேர் வந்திருக்கிறார்கள் என்றால் உங்கள் வீடு ஆட்களை ஈர்க்காமல் இல்லை. வந்தவர்களை உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று திருப்பி அனுப்பியிருக்கிறது.

அது அந்தச் சுவராக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பீரோவை வைத்து மறைத்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு முறை பெயிண்ட் அடித்து அலுத்துப்போனவர்கள் வேறென்ன செய்வார்கள்! ஆனால் வாங்க வருகிறவர் நிலையில் இருந்து பாருங்கள். படுக்கையறையில் பீரோ இயல்பாக நிற்கும் இடம் ஒன்று இருக்கும். அது அங்கே இல்லாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றால் கண்ணில் படும். ஓதத்துக்கு ஒரு வாடையும் உண்டு. அதே வீட்டில் இருக்கும் நமக்கு அது தெரியாது, ஏனென்றால் ஒரே வாடை தொடர்ந்து பட்டால் சில நிமிடத்திலேயே மூக்கு அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். வெளியிலிருந்து வருகிறவருக்கு வாசலிலேயே தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். 'பார்த்துட்டுச் சொல்றோம்' என்று கிளம்பிவிடுவார். ஒரு குறையைக் கண்டால் அதற்கு ஆகும் செலவை மட்டும் அவர் கணக்குப் போடுவதில்லை. இதை மறைத்தவர் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பார் என்ற கணக்கும் சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டாவது கணக்குக்கு உச்சவரம்பே கிடையாது. பழுதுபார்க்கும் செலவைவிடப் பல மடங்கு விலை உங்களுக்கு அங்கேதான் போகிறது.

ஈரச் சுவரின் மேல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அது நிற்காது. உள்ளே இருக்கும் நீர் வெளியே வரும்போது சுவரில் உள்ள உப்பையும் கரைத்துக் கொண்டுவரும். நீர் ஆவியானதும் உப்பு வெள்ளையாகப் பூத்து, பெயிண்டை உள்ளிருந்து தள்ளி உரித்துவிடும். எனவே முதல் வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. வீட்டில் தனி வாட்டர் மீட்டர் இருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டி எதுவும் நிரம்பிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மீட்டரைக் குறித்துவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் தண்ணீர் ஓடும் குழாய் ஒன்று எங்கோ கசிகிறது. நகரவில்லை என்றால், அந்தக் குளியலறையைச் சில நாட்கள் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். கறை காயத் தொடங்கினால் கசிவு டைல்ஸ் இடுக்கு வழியாகவோ, தரைக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு விட்டுப்போன இடத்திலோ, கழிவுநீர்க் குழாயின் இணைப்பிலோ இருக்கும். அப்படியும் காயாவிட்டால் மேல் வீட்டுக் குளியலறையையும் பார்க்க வேண்டும். அதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் மூலம் பேசுவது நல்லது, பின்னால் எழுத்தில் ஒரு ஆதாரம் இருக்கும்.

சரிசெய்த பிறகு உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். பூச்சு முழுக்கக் காயச் சில வாரங்கள் ஆகும். நனைந்து உப்புப் பூத்த பகுதியைச் சுரண்டி எடுத்துப் புதுப்பூச்சு பூசி, காய்ந்த பின் அந்தச் சுவர் முழுவதற்கும் பெயிண்ட் அடியுங்கள். கறை இருந்த இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும். வேலை நடக்கும்போது படம் எடுத்துவையுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வருகிறவரிடம் நீங்களே முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும்: "இங்கே ஓதம் இருந்தது, காரணம் இது, இந்த மாதம் சரிசெய்தோம், இதோ ரசீது." தன் வீட்டின் குறையைத் தானே சொல்கிற ஒருவரின் மற்ற பேச்சையும் மனிதர்கள் நம்புவார்கள். அது போக, தெரிந்த குறையை மறைத்து விற்றால் பிற்பாடு வழக்கு வரவும் வாய்ப்புண்டு.

வீட்டை அழகுபடுத்துவது பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். வாங்குகிறவரை மயக்குவதற்காக எதையும் சேர்க்க வேண்டாம். அவர் மனதில் கேள்வி எழுப்புகிறவற்றை ஒவ்வொன்றாக நீக்கினால் போதும், செலவும் குறைவு. சொட்டுகிற குழாய், கிரீச்சிடும் கதவு, ஒரு பக்கம் மட்டும் எரியும் விளக்கு, மஞ்சளாகிப்போன சுவிட்ச் பலகை, சரியாக மூடாத ஜன்னல் எல்லாம் தனித்தனியே அற்ப விஷயங்கள். ஆனால் ஒரே வீட்டில் ஐந்தாறு சேர்ந்தால், இந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளவில்லை என்ற எண்ணம் வந்துவிடும். அந்த எண்ணத்தோடு சமையலறைக்குள் போகிறவருக்கு உங்கள் புதிய அலமாரிகள்கூடச் சாதாரணமாகத்தான் தெரியும்.

அடுத்தது தரை. பொருட்களுக்கு நடுவே தரை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பெரிதாக அறை தெரியும். எப்படியும் காலி செய்யப் போகிற வீடுதானே, பாதி மூட்டையை இப்போதே கட்டிவிடுங்கள். மேஜை, நாற்காலி, பெட்டி என்று மூன்றில் ஒரு பங்கைச் சொந்தக்காரர் வீட்டிலோ வேறெங்கோ வைக்க முடிந்தால் வையுங்கள். குறிப்பாக ஜன்னலை மறைக்கும் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இரண்டாவது படுக்கையறை சாமான் அறையாக மாறியிருந்தால் (பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான்), அதைக் காலி செய்து ஒரு கட்டில் போடுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர் மனதில் அது ஒன்றரை படுக்கையறை வீடாகத்தான் பதியும். பால்கனியிலும் இதே கதை. உடைந்த சைக்கிளும் காலித் தொட்டியும் இருக்கும் பால்கனி, அங்கே உட்கார முடியும் என்ற நினைப்பையே கொடுக்காது.

வாடைக்கு வாசனைத் திரவியம் தெளிக்காதீர்கள். அதுவும் மறைப்பதாகத்தான் தோன்றும். ஆள் வருவதற்கு அரை மணி முன்பு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். இந்த வீட்டுக்கு அடிக்கடி வராத ஒருவரை அழைத்து, வாசலில் நிற்க வைத்து, என்ன வாடை வருகிறது என்று நேராகக் கேளுங்கள். தயங்காமல் சொல்லக்கூடிய ஆளாக இருக்கட்டும்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வருகிறவர் உங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைவது அவர் கைப்பேசியில்தான், அங்கே சில நொடிகளில் முடிவெடுத்துவிடுகிறார். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். இரவில் எடுத்த படங்கள், ஒரு அறையில் மஞ்சள் விளக்கு, அடுத்ததில் நீல வெள்ளை. பகலில், ஜன்னல் வெளிச்சம் அறைக்குள் நன்றாக வரும் நேரத்தில் எடுங்கள். விளக்கு போடுவதானால் எல்லா பல்பும் ஒரே நிறமாக இருக்கட்டும். பெட்டியின் மேல் கெல்வின் கணக்கு அச்சிட்டிருக்கும், 2700 என்றால் மஞ்சள் சாயல், 4000 என்றால் வெண்மை, 6500 என்றால் நீலச் சாயல். எதுவானாலும் கலக்க வேண்டாம். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து, மார்பு உயரத்தில் வைத்து, அறையின் மூலையிலிருந்தோ வாசலிலிருந்தோ எடுங்கள். மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்த்தால் சுவர்கள் சரிந்து விழுவதுபோல் தெரியும்.

மிக அகலமாகக் காட்டும் லென்ஸைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். படத்தில் பரந்து தெரிந்த ஹால் நேரில் சுருங்கியிருந்தால், வந்தவர் ஏமாந்த மனதோடுதான் மற்ற அறைகளையும் பார்ப்பார். உங்கள் படங்களில் ஹால் அப்படித்தான் இருக்கிறது. நேரில் வந்து திரும்பியவர்களில் சிலருக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். நாற்பது படம் போடுவதைவிட, வாசலில் இருந்து நடந்து போகிற வரிசையில் 12 முதல் 15 நல்ல படங்கள் போதும். அவற்றோடு அறை அளவுகளைக் குறித்த ஒரு வரைபடம் கட்டாயம் வேண்டும். தன் கட்டிலும் சோஃபாவும் உள்ளே அடங்குமா என்று ஒருவர் கணக்குப் போட ஆரம்பித்தால், அவர் பாதி குடிவந்த மாதிரி. பரப்பளவு எழுதும்போது சுவருக்குள் நடமாடும் இடம் எவ்வளவு, பொதுப் பங்கு சேர்த்து எவ்வளவு என்று இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். இதுதான் கடினமான பகுதி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இந்த வீட்டில் உங்கள் உழைப்பும் பல வருடச் சேமிப்பும் இருக்கிறது.

நீங்கள் எழுதிய தொகைகளை இங்கே வெளியிட விரும்பவில்லை. அதனால் வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் சமையலறைக்கு 9 செலவாகியிருக்கிறது, வட்டி முதலியவை 11, ஆக 120 கேட்கிறீர்கள். பக்கத்து பிளாக்கில் 122 கேட்கிறார்கள். ஆனால் சகோதரி, அந்த வீடும் விற்கவில்லையே. கேட்கிற விலை ஒருவரின் ஆசையைச் சொல்லும், விற்ற விலைதான் சந்தையைச் சொல்லும். வாங்குகிறவருக்கு நீங்கள் கட்டிய வட்டி எவ்வளவு என்பது தெரியாது, தெரிந்தாலும் அது அவர் பொறுப்பு இல்லை. அதே பணத்துக்கு வேறு எங்கே என்ன கிடைக்கும் என்று மட்டுமே அவர் பார்ப்பார்.

எனவே விற்ற வீடுகளை எடுத்துக்கொள்வோம். நீங்களே இரண்டைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கட்டடத்திலேயே ஐந்தாவது மாடியில், அதே அளவு, பார்க்கிங்கோடு, பழைய சமையலறையோடு உள்ள வீடு ஐந்து மாதத்துக்கு முன் 107க்குப் போயிருக்கிறது. அதற்குத் திறந்தவெளிக் காட்சி உண்டு, உங்கள் ஹால் ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். அதற்காக 2 கழித்தால் 105. உங்கள் சமையலறைக்காக எவ்வளவு கூட்டலாம்? 9 இல்லை. புதிய சமையலறை என்பது வாங்குகிறவருக்கு 'உடனே செலவு இல்லை' என்ற நிம்மதி. ஆனால் அது உங்கள் ரசனை, அவருடையது அல்ல. 2 அல்லது 3 கூட்டலாம், அதற்கு மேல் சந்தை தருவது அரிது. ஆக 107 முதல் 108. அடுத்த கட்டடத்தில் 103க்கு விற்ற வீடு அளவில் 4 சதவீதம் பெரியது, பார்க்கிங் இல்லை. அளவுக்காகக் கழித்தால் 99. அங்கே ஒரு பார்க்கிங் இடம் ஏறத்தாழ 5க்குக் கைமாறுகிறது என்று தரகர் சொல்லியிருக்கிறார், சேர்த்தால் 104. சமையலறையையும் சேர்த்தால் 106 முதல் 107. இரண்டு வெவ்வேறு வழியில் போயும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டோம். ஓதம் சரிசெய்த உங்கள் வீட்டின் மதிப்பு 106 முதல் 108. இன்னும் ஒன்றிரண்டு விற்பனை விவரம் தரகரிடம் கிடைத்தால் அவற்றையும் இதேபோல் போட்டுப் பாருங்கள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும். அது இயல்பானது. 1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் காபி கோப்பைகளைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்றார்கள். கோப்பை இல்லாதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்டது, வாங்குபவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று முன்பு கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி என்றால், குழந்தைகள் வளர்ந்த வீட்டுக்கு மனம் என்ன விலை போடும்?

கணவர் ஒன்று கேட்பார்: அதிகமாகக் கேட்டால்தானே பேரத்தில் நல்ல விலைக்கு வந்து நிற்கும்? நியாயமான கேள்வி, இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1987இல் கிரிகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு உண்மையான வீட்டை மாணவர்களுக்கும் வீடு விற்கும் முகவர்களுக்கும் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே தகவல், கேட்கும் விலையை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். கூடுதல் விலையைப் பார்த்தவர்கள் வீட்டைக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். அனுபவமுள்ள முகவர்களும் இதற்கு விலக்கல்ல. ஆக, சொல்கிற விலை பார்ப்பவர் மனதை இழுக்கத்தான் செய்கிறது.

ஆனால் அது வீட்டுக்குள் வந்தவரை மட்டுமே இழுக்கும். இணையத்தில் தேடுகிறவர் 'இத்தனைக்குள்' என்று ஒரு உச்சவரம்பு போட்டுத் தேடுகிறார். 120 கேட்கும் உங்கள் வீடு, 110 வரை தரக்கூடியவரின் திரையில் தெரியவே தெரியாது. அவர்தான் உங்களுக்கு உரிய ஆள்! 120 தரக்கூடியவர் வருகிறார், அந்த விலைக்குக் கிடைக்கும் ஐந்தாம் மாடி வீடுகளையும் புதிய கட்டடங்களையும் பார்த்துவிட்டு வருகிறார், உங்கள் வீட்டை அவற்றோடு ஒப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு உண்டு, அதுவும் உங்களைப் போல ஃபிளாட் விற்றவர்களைப் பற்றியது. பாஸ்டன் நகரில் 1990களில் விலை சரிந்த காலத்தில், டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் இருவரும் விற்பனைகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டியிருந்தவர்கள், அந்த வித்தியாசத்தில் 25 முதல் 35 சதவீதத்தைக் கேட்கும் விலையில் கூட்டி வைத்தார்கள். கடைசியில் கையில் கூடுதலாக வந்தது அதே வித்தியாசத்தில் 3 முதல் 18 சதவீதம். விற்பனையும் மற்றவர்களைவிட மிக மெதுவாகவே நடந்தது. அதாவது பிடிவாதத்துக்குக் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் அதற்கான விலையைக் காலமாகக் கட்ட வேண்டும். உங்களுக்கு வாங்கிய விலைக்குக் கீழே போகும் நிலைமை இல்லை. ஆனால் செலவையெல்லாம் கூட்டி 120 என்ற எண்ணை மனதில் நிறுத்திவிட்டதால், 107 நஷ்டமாகத் தெரிகிறது. வட்டியும் பராமரிப்புக் கட்டணமுமாக மாதம் 0.7 போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதத்தில் 3.5 போயாயிற்று. இன்னும் ஆறு மாதம் காத்திருந்து 4 கூடுதலாக வாங்கினாலும், அதற்குள் 4.2 போயிருக்கும்.

தரகர் பேச்சை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் சிகாகோ பகுதியில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு இது: முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் 10 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். விலை கொஞ்சம் கூடினால் தரகரின் கமிஷன் மிகச் சிறிதே கூடும், அதனால் அடுத்தவர் வீட்டுக்கு அவசரப்படுகிறார்கள். எனவே 'குறையுங்கள்' என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள், விற்ற வீடுகளின் பட்டியலைக் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் பட்டியல் அவர் பக்கம்தான் இருக்கிறது. அதே ஆய்வில் அவர்கள் காத்திருந்தது பத்து நாள் என்பதையும் கவனியுங்கள், பத்து மாதம் இல்லை.

அப்புறம் செய்ய வேண்டியது இது. விளம்பரத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். பழுது, பூச்சு, பெயிண்ட், படம் எல்லாம் முடியட்டும். பிறகு 109 என்று ஒரே தடவையில் புது விலையில் போடுங்கள். 110 என்ற முழு எண்ணை உச்சவரம்பாகப் போட்டுத் தேடுகிறவர் திரையில் அது விழும், 107க்கு இறங்கிவரக் கொஞ்சம் இடமும் இருக்கும். 120, 118, 116 என்று படிப்படியாகக் குறைப்பது மிக மோசமான வழி. பார்க்கிறவர் இன்னும் இறங்கும் என்று காத்திருக்கத்தான் கற்றுக்கொள்வார். புதிதாக வந்த விளம்பரத்தைத் தீவிரமாகத் தேடுகிறவர்கள் முதல் இரண்டு மூன்று வாரத்தில் பார்த்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வீடும் விலையும் தயாராக இருக்க வேண்டும். பழைய விளம்பரத்தைப் பார்த்தவர் யாராவது கேட்டால், "ஓதத்தைச் சரிசெய்தோம், விலையையும் விற்ற வீடுகளைப் பார்த்துத் திருத்தினோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

வீடு காட்டும்போது உங்கள் ஹாலில் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். கூடவே நடந்து ஒவ்வொன்றையும் விளக்க வேண்டாம். ஒரு சுற்று காட்டிவிட்டு, அவர்களைத் தனியே விட்டு பால்கனியில் நில்லுங்கள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்ளாமல் எந்த வீடும் முடிவாகாது. பத்திர நகல், வரைபடம், சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற சான்று, கடந்த ஒரு வருடப் பராமரிப்புக் கட்டண விவரம், வங்கிக் கடனில் மீதி எவ்வளவு என்ற கடிதம் இவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பிடித்துப்போனவர் அன்றைக்கே நகல் கேட்டால் தர முடிய வேண்டும், இழுத்தடித்தால் அவர் ஆர்வம் ஆறிவிடும்.

அடிமாட்டு விலைக்குக் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். ஆள் வருவதற்கு முன்பே நீங்களும் கணவரும் உட்கார்ந்து, எந்த எண்ணுக்குக் கீழே விற்பதில்லை என்று முடிவு செய்து தாளில் எழுதிவையுங்கள். 105 என்று வைத்துக்கொள்வோம். யாராவது 97 என்றால் கோபப்பட வேண்டாம். விலை சொல்லும் அளவுக்கு வந்தவர் அவர் ஒருவர்தானே. "இந்தக் கட்டடத்தில் இந்த வீடு இந்த விலைக்கு விற்றது, எங்களுடையதில் சமையலறை புதிது, அதனால் 108" என்று கணக்கைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். கணக்கைப் பார்த்தும் 97லேயே நிற்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். 105 வரை வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கடன் வாங்குகிறவர் என்றால் வங்கியின் முன் ஒப்புதல் கையில் இருக்கிறதா? வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் உங்கள் விலையைவிடக் குறைவாக மதிப்பிட்டால் மீதியை அவர் கையிலிருந்து போட முடியுமா? எத்தனை வாரத்தில் பத்திரம் முடிப்பார், முன்பணம் எவ்வளவு? முன் ஒப்புதலோடு ஆறு வாரத்தில் முடிக்கக் கூடிய 105, தன் வீட்டை விற்றபின்தான் பணம் தர முடியும் என்பவரின் 108ஐவிட உங்களுக்கு நல்லது. ஒப்புக்கொள்வதை, எந்தெந்தப் பொருள் வீட்டோடு போகிறது என்பது உட்பட, அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பாகச் சமையலறை அடுப்பு, புகைபோக்கி, படுக்கையறை ஏசி இவை எழுதப்படாமல் விட்டுப்போய், பத்திரப் பதிவு நாளில் மனஸ்தாபத்தில் முடிவது சகஜம்.